நிணநீர் வீக்கமும் மசாஜும்

நிணநீர்க் குழாய்கள் சிதைந்தோ அடைபட்டோ கைகால் நாட்பட வீங்குவது நிணநீர் வீக்கம். கியூலெக்ஸ் கொசு பரப்பும் யானைக்கால் புழுவும், மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர் முடிச்சுகளை அகற்றும் அறுவையும் இதன் முக்கியக் காரணங்கள். தேங்கிய நீரைப் பலமாக அழுத்தினால் வடியும் என்பது தவறான நம்பிக்கை. நுண்ணிய நிணநீர்க் குழாய்கள் தோலை ஒட்டியே இருப்பதால் தோலை மெல்ல நகர்த்தும் தடவலே போதும். அழுத்திப் பிடித்தால் இரத்த ஓட்டம் கூடி இன்னும் நீர் திசுவில் கசியும். 1930களில் எமில் வோடர் வகுத்த நிணநீர்த் தடவல் முறை இந்த மென்மையில்தான் நிற்கிறது.

மசாஜே கூடாது என்பாரும் உண்டு. காய்ச்சல், சிவப்பு, நெறிகட்டல் இருக்கும்போது அது முழுக்கச் சரி. அப்போது மருத்துவர்தான் பார்க்க வேண்டும். இதயச் செயலிழப்பால் வந்த வீக்கத்தையும் தொடக்கூடாது. மற்ற வேளைகளிலும் விலக்குவது நோயாளிக்கே இழப்பு. காசர்கோட்டில் உள்ள பயன்பாட்டுத் தோலியல் நிறுவனம் தோல் பராமரிப்பு, யோகா, தடவல், அழுத்தக் கட்டு ஆகியவற்றை இணைத்து வீக்கத்தைக் குறைத்துக் காட்டியுள்ளது. கட்டு இல்லையேல் தடவலின் பயன் நிலைக்காது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெசவு பெருந்தொழில். ஆனால் அங்கு நெய்யும் மெல்லிய காஸ் துணி புண்ணுக்கானது, வீங்கிய காலை இறுக்கித் தாங்காது. ஆகவே இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ மசாஜ் தொழில் செய்பவர், அதிகம் நீளாத அழுத்தக் கட்டைக் கட்டவும் முறையாகப் பயில வேண்டும்.