எந்த வருஷத்து வண்டி?

சென்னை எழும்பூரை ஒட்டிக் கூவம் கரையில் இருக்கிறது புதுப்பேட்டை. அங்கே காரை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வந்து சொந்த வண்டியின் பாகங்களையே பேரம் பேசி வாங்க வேண்டியிருக்கும் என்பது ஊரின் பழைய கேலி. கேலி ஒருபுறம் இருக்கட்டும். ஓட்டத்துக்கு உதவாத வண்டிக்கு அந்தத் தெருவில் ‘கண்டம்’ என்று பெயர். ஆங்கிலச் சொல் தேய்ந்து தமிழான வகை. கண்டமான வண்டி வந்து இறங்கினால் என்ஜின் ஒரு கடைக்கு, கியர்பாக்ஸ் ஒரு கடைக்கு, கதவு ஒரு கடைக்கு என்று பிரிந்து போகும். பம்பர்கள் மட்டும் ஒளித்துவைக்க முடியாத நீளம் என்பதால் வாசலிலேயே தொங்கும்.

தொங்கும் பம்பர் நம் வண்டிக்குச் சேருமா என்பது ஒரு காலத்தில் பெரிய கேள்வியே இல்லை.

1958இல் அம்பாசடர் வந்தது. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அச்சாக வைத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. 1962இல் மார்க் 2, 1975இல் மார்க் 3, 1979இல் மார்க் 4 என்று எண் ஏறியதே தவிர, முன்பக்கத்தில் கிரில் மாறும், விளக்கு மாறும், உடம்பு அதேதான். பம்பர் என்பது குரோமியம் பூசிய எஃகுப் பட்டை. பிராக்கெட்டில் போல்ட் போட்டு முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. துளை ஒரு நூல் தள்ளியிருந்தால் உருட்டு அரத்தால் ராவி நீள்வட்டமாக்கி, அகன்ற வாஷர் வைத்து மறைத்துவிடுவார்கள். நெளிந்திருந்தால் டிங்கர் பட்டறையில் தட்டி நிமிர்த்தி, முலாம் போட அனுப்புவார்கள். கடைக்காரர் கேட்டதெல்லாம் “என்ன வண்டி?” என்பதுதான். அம்பாசடரா, ஃபியட்டா என்று தெரிந்தால் போதும்.

அதே காலத்தில் அமெரிக்காவில் இந்த எளிமை உடைந்துகொண்டிருந்தது. 1973ஆம் ஆண்டு மாடல் கார்கள் மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்புறம் மோதினாலும் விளக்கு முதலான பாதுகாப்பு உறுப்புகள் கெடக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது. அதனால் ஐரோப்பியக் கம்பெனிகள் ஒரே காருக்கு இரண்டு பம்பர் செய்தன: சொந்த ஊருக்கு ஒல்லியாக ஒன்று, அமெரிக்காவுக்கு முட்டுக்கொடுத்துத் துருத்திக்கொண்டு நிற்கும் இன்னொன்று. மாடல் பெயர் ஒன்றாக இருந்தும் பம்பர் சேராத கதை அங்கே தொடங்கியது. இதற்கு ஒரு வருஷம் முன்பே, 1972இல், பிரான்சின் ரெனோ 5 பிளாஸ்டிக் பம்பரோடு வெளிவந்திருந்தது. எஃகுப் பட்டைக்குப் பதில் உடம்போடு வழிந்து சேரும் வார்ப்பு. வண்டிக்கு அணி என்றிருந்த பம்பர், முகமாகிவிட்டது. முகத்தை அரம் போட்டு ராவ முடியாது.

இந்தியாவுக்கு அந்தச் சிக்கல் மாருதியோடு வந்தது. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாவி கைமாறியது. 1986இலேயே முழு உருவமும் மாறிய புதிய 800 வந்துவிட்டது. பெயர் அதே, 796 சிசி என்ஜின் அதே. ஆனால் முந்தையதன் பம்பர் இதில் உட்காராது. பிறகு சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. 2003இல் அது முகம் மாறி ‘சான்ட்ரோ ஜிங்’ ஆனது. “சான்ட்ரோ பம்பர் இருக்கா?” என்று கேட்டவரிடம் “பழசா, ஜிங்கா?” என்று திருப்பிக் கேட்க வேண்டிய நிலை. “எந்த வருஷத்து வண்டி?” என்பதே முதல் கேள்வியானது.

தெரிந்தவர்கள் பம்பரைத் திருப்பி உள்பக்கம் பார்ப்பார்கள். கம்பெனி வார்ப்பில் பாக எண் இருக்கும். பக்கத்தில் பிபி, ஈபிடிஎம் என்ற எழுத்துகள் இருந்தால் அது பாலிப்ரொப்பிலீனும் ரப்பரும் கலந்த பொருள். பெரும்பாலும் குட்டிக் கடிகாரம் போல ஒரு வட்டமும் பொறித்திருக்கும்: சுற்றிலும் 1 முதல் 12 வரை மாதங்கள், நடுவில் வருஷம், அம்புக்குறி காட்டுவது வார்த்த மாதம். கடைக்காரரின் வாய்ச்சொல்லைவிட இந்த வட்டத்தை நம்பலாம். அதற்குப் பிறகுதான் கிளிப் வரிசை, ஃபாக் லைட் குழி, இரு ஓரத்திலும் ஃபெண்டரோடு சேரும் தாங்கி. தாங்கி ஒன்று உடைந்திருந்தாலும் மாட்டிய மறுவாரமே ஓரத்தில் இடைவெளி வாயைப் பிளக்கும்.

2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்குப் பின்பக்கப் பார்க்கிங் சென்சார் கட்டாயமானது. அதுவரை மொழுக்கென்று இருந்த அடிமட்ட வேரியன்ட்டின் பின் பம்பரிலும் கண்கள் முளைத்தன. சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் நான்கு. இரண்டு கண் வண்டிக்கு நான்கு கண் பம்பர் கிடைத்தால் புதுப்பேட்டை கைவிரிப்பதில்லை. சூடான கம்பியால் பிளாஸ்டிக்கை உருக்கி, உபரி ஓட்டைகளை அடைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடும். கை வைத்துத் தடவினால் மட்டும், ஓட்டை இருந்த இடம் லேசாக மேடு தட்டும்.