பிரேக்கில் தங்கிய போர்க்காலம்

மொறிஸ் மைனர் கார்கள் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியானவை. கிழக்கில் போர் 2007இல் ஓய்ந்தபின், அத்தகைய பழைய கார் ஒன்றில் செங்கலடியிலிருந்து பதுளைக்குப் புறப்பட்டேன். கரடியனாற்றை அடைந்தபோது பிரேக் மிதி தரைவரை இறங்கியது. நான்கு சில்லுகளிலும் காற்றெடுத்தோம், பயனில்லை. முதிய மெக்கானிக் ஒருவர், மிதியை அழுத்தியபடியே இருக்கச் சொன்னார். அது மெல்லத் தாழ்ந்தது, வெளியே கசிவில்லை.

"இது காத்தில்ல தம்பி, உள்ள வாசர் பழுது" என்றார்.

காலடித் தளத்தின் கீழிருந்த பிரதான சிலிண்டரைக் கழற்றினார். இறப்பர் வாசர் ஊதி நைந்திருந்தது. பிரேக் எண்ணெய் கிடைக்காமல் எவரோ இயந்திர எண்ணெய் ஊற்றியிருக்கவேண்டும்; கனிம எண்ணெய் அந்த இறப்பரைக் கெடுத்துவிடும். படுவான்கரைக்குச் சென்ற பொருட்கள் சோதனைச்சாவடிகளில் மறிக்கப்பட்ட காலத்தின் கைமருந்து அது. பதுளை மலையிறக்கத்துக்கு முன்னரே அதை அறிந்தது எங்கள் நல்லூழ்.