தொமு (முதல் ஸ்லாவிய மொழி)

'வீடு' எனப் பொருள்படும் *தொமு என்ற ஆண்பால் பெயர், எழுத்துச் சான்று எதையும் விட்டுச்செல்லாத முதல் ஸ்லாவிய மொழிக்கென ஒப்பிலக்கணத்தின் வழி மீட்டமைக்கப்பட்டது. சொல்லின் முன் நிற்கும் உடுக்குறி அதையே உணர்த்துகிறது. இதன் ஈற்று உயிர் ஏறக்குறைய நம் குற்றியலுகரம்போல் குறுகி ஒலித்தது. பின்னாளில் அது உதிரவே, ரஷ்யத்திலும் போலிஷிலும் 'தொம்', செக்கில் 'தூம்' என்ற வடிவங்கள் எஞ்சின. கிரேக்க தொமோஸ், லத்தீன் தொமுஸ், சமஸ்கிருத தம ஆகியவை இதன் உறவுகள். இவற்றைக் 'கட்டுதல்' என்னும் வேரோடு சேர்ப்பதே வழக்கம். குடும்பத்தைக் குறித்த சொல்லுக்கும் கட்டடத் தொழிலுக்கும் தொடர்பில்லை என்று மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த் வாதிட்டார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

இச்சொல்லின் இலக்கணத்தில் தீர்க்கவேண்டிய கேள்வி, இது எந்த ஈற்று வகையைச் சேர்ந்தது என்பது. முதல் ஸ்லாவியத்தில் ஒகர ஈற்றுப் பெயர்கள் ஏராளம்; 'மகன்', 'தேன்', 'எருது' போன்ற உகர ஈற்றுப் பெயர்களோ ஒரு கைப்பிடி. முதல், இரண்டாம் வேற்றுமை ஒருமையில் இரு வகைகளும் ஒரே வடிவாகிவிட்டதால், பெரிய வகை சிறியதை விழுங்கத் தொடங்கியது. ஆயினும் பழைய திருச்சபை ஸ்லாவிய நூல்களில் ஆறாம் வேற்றுமை 'தொமு', நான்காம் வேற்றுமை 'தொமொவி' என உகர ஈற்றுக்கே உரிய வடிவங்கள் கிடைக்கின்றன. போலிஷிலும் செக்கிலும் ஆறாம் வேற்றுமை இன்றும் 'தொமு'தான். ரஷ்யத்தில் அது 'தோமா' என்று மாறிய பின்னும், 'வீட்டிலிருந்து' என்பதற்கு 'இஸ் தொமு' என்ற பழைய தொடர் பிழைத்திருக்கிறது. ஆகவே இச்சொல் தொடக்கத்திலேயே உகர ஈற்றுப் பெயர் என்று கொள்வதே பொருந்தும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். உகர ஈற்றின் விகுதிகள் பிற பெயர்களுக்கும் பரவின. 'தேநீர்' என்ற இரவல் சொல்கூட ரஷ்யத்தில் அந்த விகுதியை ஏற்றது. அப்படியிருக்க, 'இஸ் தொமு' மட்டும் எதை நிறுவும்? தனியே எதையும் நிறுவாது என்பது நியாயமே. ஆனால் விகுதி பரவ ஓர் ஊற்று வேண்டும். மிகப் பழைய நூல்களிலேயே அவ்வடிவங்களை ஏற்று நிற்கும் சொல்லை அத்தகைய ஊற்றுகளில் ஒன்றாகக் கருதுவதே எளிய விளக்கம். மற்றொரு மறுப்பு கனமானது: கிரேக்க, சமஸ்கிருத வடிவங்கள் ஒகர ஈற்றைச் சேர்ந்தவை, எனவே உகரம் ஸ்லாவியத்தின் புதுமையாக இருக்கலாமே? லத்தீன் தொமுஸ் இதற்கு எதிர்ச்சாட்சி. ஆனால் அதுவும் இரண்டு வகைக்கும் இடையே ஊசலாடுவது என்பதால் அரைச்சாட்சிதான். வலுவான சான்று ரிக்வேதத்தில் இருக்கிறது. அங்கே அக்னிக்கு வழங்கும் 'தமூனஸ்' என்ற அடைமொழி, 'வீட்டுக்குரியவன்' என்னும் பொருளில், உகர ஈற்றுத் தண்டை உள்ளடக்கியதாகக் கருதப்படுகிறது. சமஸ்கிருதத்திலேயே இரு தண்டுகளும் அருகருகே வாழ்ந்தன என்றால், ஸ்லாவியர் உகரத்தைப் புதிதாகப் படைத்தார்கள் என்று சொல்லத் தேவையே எழவில்லை.