தாராவியும் நத்தமும்: கலை இயக்குநரின் கை

நாயகன் (1987) படத்துத் தாராவி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் எழுந்தது. கட்டியவர் தோட்டா தரணி. தந்தை தோட்டா வெங்கடேஸ்வர ராவும் கலை இயக்குநர்தான். மகனுக்கு அந்தப் படம் தேசிய விருது தந்தது. பிறகு இந்தியன் (1996) படத்துக்கும் கிடைத்தது. தகரம், சாக்கு, சாக்கடை என அவர் கைத்திறனில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் திருநெல்வேலிப் பக்கமிருந்து போய்த் தோல் பதனிட்ட நம் சனம்? ஏழ்மை தெரிந்தது, சாதி தெரியவில்லை. குற்றம் கதையினுடையது, செட் அதற்கு உடன்பட்டது.

2018இல் காலாவுக்காக டி. ராமலிங்கம் மறுபடி தாராவியைச் சென்னையில் கட்டினார். மேசைமேல் இராவண காவியம், ஜீப்பின் எண்ணில் 1956. வசனம் பேசாததைப் பொருள்கள் பேசின. (திரையரங்கில் விசிலடித்தவர்களில் நாமும் உண்டு.)

தருமபுரியில் நின்று இதைப் பேசக் காரணம் இருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் எரிந்தவற்றில் பீரோக்கள், மோட்டார் பைக்குகள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் இருந்தன. பெங்களூருக்கு வேலைக்குப் போய்ச் சேர்த்தவை. எரித்தவர்களின் கண்ணில் உறுத்தியது அந்தச் சேமிப்புதான். சினிமாச் சேரியில் பீரோவை நாம் அரிதாகவே பார்க்கிறோம். நத்தத்தை யாராவது செட் போட வந்தால், முதலில் அதைத்தான் வைக்கச் சொல்வோம்.