சிறிய எழுத்தும் நட்டஈடும்

விமானப் பிரயாணச் சீட்டைப் பெற்றவர், புறப்படும் நாளையும் நேரத்தையும் பார்த்துவிட்டு அதனைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதே வழக்கமாயிருந்தது. அதன் அடியிலும் உட்பக்கத்திலும் நெருக்கி அச்சிடப்பட்ட நிபந்தனைகளை வாசித்தோர் மிகச் சிலர். ஆயினும், பிரயாணி உயிரிழப்பின் அவர் குடும்பத்துக்கு எவ்வளவு நட்டஈடு கிடைக்கும் என்பது ஒரு காலத்தில் அவ்வெழுத்துக்களின் பருமனைக்கூடப் பொறுத்திருந்தது.

இதற்கு மூலம், 1929ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆந் திகதி போலந்தின் தலைநகராகிய வார்சோவில் கைச்சாத்தான உடன்படிக்கையாகும். விமானத் தொழில் அப்பொழுது குழந்தைப் பருவத்தில் இருந்தது; ஒரே விபத்தினால் ஒரு கம்பனி அழிந்துபோகலாம் என்ற அச்சம் நிலவியது. ஆகவே, சர்வதேசப் பிரயாணத்தில் ஒருவரின் இறப்புக்கோ காயத்துக்கோ கம்பனி செலுத்தவேண்டிய தொகைக்கு 125,000 பொற் பிராங்கு என எல்லை வகுத்தனர். பிற்கால மதிப்பில் அது ஏறத்தாழ 8,300 அமெரிக்க டொலர். உழைத்துக் குடும்பத்தைக் காத்தவரின் உயிருக்கு இது மிகச் சொற்பமே. ஆனால் இச்சலுகை நிபந்தனையின்றிக் கிடைக்கவில்லை. சீட்டுக் கொடாமல் பிரயாணியை ஏற்றிய கம்பனி அவ்வெல்லையைக் காட்டித் தப்ப முடியாது.

சீட்டுக் கொடுத்தல் என்றால் என்ன? 1962இல் சைகோன் நோக்கிச் சென்ற விமானமொன்று பசிபிக் கடலின்மேல் 107 பேருடன் மறைந்தது. அதிற் சென்ற அமெரிக்கப் படைவீரருக்குச் சீட்டு வழங்கப்பட்ட இடம் விமானப் படிக்கட்டின் அடிவாரம். காப்புறுதி செய்துகொள்ள அவகாசமில்லாத அந்நேரத்திற் கொடுத்தது கொடுத்ததாகாது என 1965இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது.

அடுத்த வழக்கு இன்னும் நுட்பமானது. 1960 பெப்ரவரி 26இல், ரோமிலிருந்து நியூயோர்க் நோக்கிச் சென்ற அலித்தாலியா விமானம், அயர்லாந்தின் ஷனொன் நிலையத்திலிருந்து எழுந்த சற்று நேரத்தில் வீழ்ந்தது. 52 பேரில் 34 பேர் மாண்டனர். சீட்டு முன்னரே கொடுக்கப்பட்டிருந்தது. பொறுப்பெல்லை பற்றிய வாசகமும் அதில் இருந்தது. ஆனால் அது நான்கு பொயின்ற் எழுத்தில் இருந்தது. அச்சுக்கூடத்தாரின் ஒரு பொயின்ற், அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு! கண்ணுக்குப் புலப்படாத எச்சரிக்கை எச்சரிக்கையன்று என்று 1966இல் நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறி, கம்பனிக்கு அவ்வெல்லையை மறுத்தது. உடன்படிக்கையில் எழுத்தின் பருமனைப்பற்றி ஒரு சொல்லும் இல்லையே என்பது மறுதரப்பின் வாதம். அதனையும் அற்பமாகத் தள்ளிவிட முடியாது. 1968இல் உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தமையால் தீர்ப்பு நிலைத்தது.

இதற்கிடையில், எல்லை போதாதெனக் கண்ட அமெரிக்கா, உடன்படிக்கையிலிருந்து விலகப்போவதாக 1965இல் அறிவித்தது. கம்பனிகள் இறங்கிவந்தன. அமெரிக்காவைத் தொடும் பிரயாணங்களுக்கு 75,000 டொலர் வரை பொறுப்பேற்பதாகவும், எச்சரிக்கையைப் பத்துப் பொயின்ற் எழுத்தில் அச்சிடுவதாகவும் 1966 மே மாதத்தில் ஒப்புக்கொண்டன.

பின்னர் 1983 செப்ரெம்பர் முதலாந் திகதி, கொரிய விமானமொன்றைச் சோவியத் போர்விமானம் சுட்டு வீழ்த்தியது. மாண்டவர் 269 பேர். அவர்களின் சீட்டில் எச்சரிக்கை எட்டுப் பொயின்ற் எழுத்திலேயே இருந்தது. குறைந்த அந்த இரண்டு பொயின்றையே பற்றுக்கோடாகக் கொண்டு உறவினர் வழக்காடினர். உடன்படிக்கை வேண்டுவது சீட்டையேயன்றிப் பெரிய எழுத்தையன்று எனக் கூறி, 1989இல் உயர் நீதிமன்றம் அவர்களின் கோரிக்கையை நிராகரித்தது.

1999இல் மொன்றியலில் உருவாகி 2003இல் நடைமுறைக்கு வந்த புதிய உடன்படிக்கை, சீட்டின் குறைபாட்டுக்கும் பொறுப்பெல்லைக்கும் இருந்த தொடர்பை அறுத்தது. கூடவே, இறப்புக்கும் காயத்துக்கும் இருந்த முடிந்த எல்லையையும் நீக்கியது. குறித்த தொகைக்கு மேற்பட்ட கோரிக்கையில் மட்டும், தன்மீது தவறில்லை என நிரூபித்துக் கம்பனி தப்பலாம். பிரயாணப் பொதிகளுக்கோ எல்லை இன்னும் உண்டு.