கிரீட்டின் கந்தக் துறைமுகம்

ஏதென்ஸை அடுத்த பிரேயஸிலிருந்து இரவில் புறப்படும் பயணிகள் கப்பல் விடியலில் கிரீட் தீவின் ஹெராக்ளியோன் துறையை அடைகிறது. இவ்வூரை அரண்சூழ்ந்த தலைநகராக்கியவர்கள் அந்தலூசிய முஸ்லிம்கள்.

கி.பி. 818இல் (ஹிஜ்ரி 202) குர்துபாவின் புறநகர்க் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் நாடுகடத்தப்பட்டோரில் ஒரு சாரார் இஸ்கந்தரிய்யாவில் தங்கினர். அங்கிருந்தும் வெளியேற்றப்படவே, அபூ ஹஃப்ஸ் உமர் அல்பல்லூதீயின் தலைமையில் 820களில் கிரீட்டில் கரையிறங்கினர். அவர்கள் வெட்டிய அகழியால் நகர் ‘ரபளுல் கந்தக்’ எனப்பட்டது. கந்தக் போரை அறிந்த நமக்கு அச்சொல் புதிதன்று. கிரேக்கர் நாவில் அது கந்தாக்ஸ். வெனிசியர் நாவில் கந்தியா. 961இல் பைசாந்தியத் தளபதி நிகெபோரஸ் போகாஸ் நகரைக் கைப்பற்றிய பின்னரும் பெயர் நிலைத்தது. பழைய ஐரோப்பிய நூல்கள் இவ்வமீரகத்தைக் கடற்கொள்ளையர் கூடாரமெனச் சொல்லி முடித்துவிடுகின்றன. அமீர்கள் வெளியிட்ட நாணயங்களோ ஒழுங்கமைந்த அரசொன்றையே நமக்குக் காட்டுகின்றன.

பழைய துறையின் வாயிலில் இன்று நிற்பது 1523 - 1540இல் வெனிசியர் கட்டிய கூலெஸ் கோட்டை. இருபத்தோராண்டு முற்றுகைக்குப்பின் 1669இல் நகர் உஸ்மானியர் வசமாயிற்று. இப்போது பெருங்கப்பல்கள் கிழக்கேயுள்ள புதிய துறையையே நாடுகின்றன. பழைய துறையில் மீன்படகுகளும் உல்லாசப் படகுகளுமே கட்டப்பட்டுள்ளன. 1923ஆம் ஆண்டு லோசான் உடன்பாட்டின்படி, பெரும்பாலும் கிரேக்கமே பேசிவந்த கிரீட் முஸ்லிம்கள் தீவின் துறைகளில் கப்பலேறித் துருக்கிக்குப் பெயர்ந்தனர்.