ஒற்றியும் 'செத்த ஈடும்'



"வட்டியை வாடகை என்று அழைத்துவிட்டால் ஆயிற்றா?" என்று, இலண்டனில் நம்மவர் சிலர் தம் முஸ்லிம் அயலவர் வீடு வாங்கும் முறையைப் பார்த்து நகைப்பதுண்டு. நகைக்குமுன் நம் திருச்சபையின் வரலாற்றைச் சற்றே புரட்டுங்கள்.

நீங்கள் மாதந்தோறும் கட்டும் 'மோர்ட்கேஜ்' என்னும் சொல், பழைய பிரெஞ்சு மொழியில் 'செத்த ஈடு' எனப் பொருள்படும். கடன் கொடுத்தவர் நிலத்தைக் கைக்கொண்டு விளைச்சலை உண்பார். முதலிலோ ஒரு காசும் குறையாது. யாழ்ப்பாணத்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை கூறும் ஒற்றி ஏறத்தாழ இதுவே. 1163இல் தூர் நகரில் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டர் கூட்டிய சங்கம், இது மறைமுக வட்டியே என்று கண்டு, குருக்களுக்கும் துறவியர்க்கும் அதனை விலக்கியது. அதுவரை துறவு மடங்கள் பலவும் இத்தகைய ஈடு பிடித்து வந்தன என்பதை மறைத்துப் பயனில்லை.

வட்டி ஆகாது, பணமோ தேவை. எனவே நிலவுடைமையாளர் கடன் வாங்காமல், தம் நிலத்தின் ஆண்டு வருவாயில் ஒரு பகுதியைப் பெறும் உரிமையை விற்றார். 1425இல் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் இதை ஏற்றார். 1569இல் புனித ஐந்தாம் பயஸ் இதற்குக் கடும் வரம்புகள் விதித்தார்: விற்றவர் விரும்பும்போது அதே விலைக்கு மீட்டுக்கொள்ளலாம், வாங்கியவர் அவரைக் கட்டாயப்படுத்தலாகாது, நிலம் அழிந்தால் அந்த வருவாயும் அழியும்.

இனி உங்கள் அயலவரின் பத்திரத்தைப் பாருங்கள். வங்கியும் அவரும் சேர்ந்து வீட்டை வாங்குகின்றனர். வங்கியின் பங்குக்கு அவர் வாடகை செலுத்தி, அப்பங்கையும் சிறிது சிறிதாக வாங்கிவிடுகிறார். வீடு இருமுறை கைமாறுவதால் முத்திரை வரியும் இருமுறை விழுந்தது. 2003ஆம் ஆண்டின் நிதிச் சட்டமே அச்சுமையை நீக்கியது. அவ்வாடகை பெரும்பாலும் சந்தை வட்டியை ஒட்டியே கணக்கிடப்படுகிறது என்பது மெய்தான். முஸ்லிம் அறிஞர் சிலரே அதைக் கடிந்துள்ளனர்.

நம்மவர்க்கு வழி வேறாகத் திறந்தது. 1745இல் பதினான்காம் பெனடிக்ட் எழுதிய சுற்றுமடல், கடன் கொடுத்ததற்காகவே மிகுதி பெறுவது தவறு என்றது. கடனுக்குப் புறம்பான நியாயமான காரணங்களுக்காகப் பெறுவதை மறுக்கவில்லை. அந்த வாயிலின் வழியேதான் இன்றைய வங்கிக்கடன் நமக்கு ஆகுமானது. ஆதலால் அதனை ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிக்கையிட வேண்டியதில்லை! ஆனால் ஐந்தாம் பயஸ் எழுப்பிய கேள்வி மட்டும் நின்றுவிட்டது: வீட்டின் விலை சரிந்தால் இழப்பு யாருடையது? அதற்கு உங்கள் பத்திரம் என்ன விடை தருகிறது என்று, கையெழுத்திடுமுன் படித்துப் பாருங்கள்.